தம்பியின் கனடா விசாவுக்கு 2 லட்சமும் ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் கேட்கிறார்கள், யாரிடம் போய் விசாரிப்பது?

குடியாத்தம் அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்காக எழுதுகிறேன். அவனுக்குத் தெரிந்தால் கோபப்படுவான், படட்டும்.

அவனுக்கு 29 வயது, மெக்கானிக்கல் டிப்ளமோ. ஆறு வருடமாக ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் மெஷினில் நிற்கிறான். விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ், ராத்திரி எட்டு மணிக்கு வீடு, பிடித்தம் போகக் கையில் 17 ஆயிரம். கூடப் படித்த ஒருவன் கனடாவில் இருக்கிறான். அவன் போடுகிற போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து இவன் மனசும் அங்கேயே போய்விட்டது. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். இந்தச் சம்பளத்தில் அவனுக்கு ஒரு கல்யாணம்கூடப் பண்ண முடியாது என்று எனக்கும் தெரியும்.

போன மாதம் வேலூரில் ஒரு கன்சல்டன்சிக்குப் போயிருக்கிறான். ஆல்பர்ட்டாவில் ஒரு குடோனில் சூப்பர்வைசர் வேலை இருக்கிறதாம், எல்எம்ஐஏ என்று ஏதோ கனடா அனுமதி கையில் ரெடியாக இருக்கிறதாம், மொத்தம் 11 லட்சமாம். இப்போது 2 லட்சம் கட்டினால் ஃபைல் ஓப்பன் பண்ணுவார்கள், மீதி விசா வந்த பிறகு. ஒரிஜினல் பாஸ்போர்ட் வேண்டும், எதுவும் எழுதாத நாலு பாரத்தில் கையெழுத்து வேண்டும் என்றிருக்கிறார்கள். இவன் மெஷின் ஆபரேட்டர்தானே, சூப்பர்வைசர் இல்லையே என்று கேட்டதற்கு, “அனுபவச் சான்றிதழ் நாங்களே வாங்கித் தருவோம், நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே” என்றார்களாம். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அடுத்த தடவை நானும் கூடப் போனேன். மனுவில் யார் பெயரில் கையெழுத்துப் போடுவீர்கள் என்று கேட்டேன். எங்களுக்குக் கனடாவில் வக்கீல் இருக்கிறார் என்றார்கள். பெயர் சொல்லுங்கள் என்றேன். ஃபைல் ஓப்பன் ஆன பிறகுதான் சொல்வார்களாம்.

அம்மா செயினை எடுத்து வெளியே வைத்துவிட்டார், வங்கியில் அடகு வைப்பதற்கு. எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். இவர்கள் உண்மையான ஆட்களா என்று எங்கே போய்ப் பார்ப்பது? விசா விஷயத்தில் முறையாக ஆலோசனை சொல்கிறவர்கள் என்று யாராவது இருக்கிறார்களா, அவர்களை எப்படி அடையாளம் தெரிந்துகொள்வது? ஏஜென்ட் எல்லாருமே திருடர்கள், போகவே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் போகத்தான் போகிறான், சரியான வழியில் போகட்டும்.

வாலாஜாக்காரன், பிராம்ப்டன்:

அக்கா, நான் வாலாஜாபேட்டை. 2019இலிருந்து கனடாவில் இருக்கிறேன். பணம் கட்டாதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள்.

எல்எம்ஐஏ என்பது விலைக்கு விற்கிற பொருள் இல்லை. இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கம்பெனிக்காரர் கனடா அரசிடம் வாங்குகிற அனுமதி அது. ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர் கட்டணம். அதைக் கம்பெனிதான் கட்ட வேண்டும், வேலைக்கு வருகிறவரிடம் திருப்பி வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆள் பிடித்துக் கொடுத்ததற்கான கமிஷனையும் அவர் தலையில் கட்டக் கூடாது. அப்படி இருக்கும்போது உங்கள் தம்பியிடம் எல்எம்ஐஏவுக்கு என்று லட்சக்கணக்கில் கேட்டால் இரண்டில் ஒன்றுதான். அந்தக் காகிதம் பொய்யாக இருக்கும், இல்லையென்றால் அந்தக் கம்பெனி சட்டத்தை மீறுகிற கம்பெனியாக இருக்கும். இரண்டிலும் மாட்டுவது தம்பிதான். இன்னொரு விஷயம், எல்எம்ஐஏ வேலை இருந்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற பாயின்ட் முறையில் கூடுதல் பாயின்ட் வரும், பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, சுலபம் என்றும் சொல்லியிருப்பார்கள். அந்தப் பாயின்டை 2025 மார்ச் 25ஆம் தேதியோடு எடுத்துவிட்டார்கள். இன்னும் அந்தக் கதையைச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

வேலை அனுமதிக்கு அரசாங்கக் கட்டணம் 155 டாலர், கைரேகைக்கு 85 டாலர். சேர்த்து நம் பணத்தில் சுமார் 15 ஆயிரம் ரூபாய். மெடிக்கல், போலீஸ் சான்றிதழ் தனி. 11 லட்சத்தில் மீதியெல்லாம் எங்கே போகிறது என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். கனடா விசா விஷயத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவோ மனு போடவோ யாருக்கு உரிமை என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. அந்த நாட்டு வக்கீல்கள், கியூபெக் நோட்டரிகள், ஒன்டாரியோவில் லைசென்ஸ் உள்ள பாராலீகல்கள், அப்புறம் ஆர்சிஐசி என்கிற லைசென்ஸ் பெற்ற கன்சல்டன்ட்கள். இந்த ஆர்சிஐசிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற அமைப்பின் பெயர் காலேஜ் ஆஃப் இமிகிரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ். காலேஜ் என்று இருந்தாலும் அது படிக்கிற இடம் இல்லை. நம் ஊரில் பார் கவுன்சில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், 2021 நவம்பரிலிருந்து இயங்குகிறது. அதன் இணையதளத்தில் பதிவேடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயரைப் போட்டால் ஆர் எழுத்தில் தொடங்கும் எண், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா இல்லையா எல்லாம் வரும்.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நம்பிவிடாதீர்கள். கனடாவில் இருக்கிற யாரோ ஒருவருடைய எண்ணை இங்கே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த ஆளுக்கே தெரிந்திருக்காது. பதிவேட்டில் இருக்கிற தொடர்பு விவரத்தை எடுத்து, நீங்களே நேரடியாக அவருக்கு எழுதி, வேலூரில் இந்த அலுவலகம் உங்களுடையதா என்று கேளுங்கள். கார்டில் உள்ள போன் நம்பருக்குக் கூப்பிட்டால் அவர்களே எடுத்து ஆமாம் என்பார்கள்.

மனுவோடு ஐஎம்எம் 5476 என்று ஒரு பாரம் போகும். என் சார்பாக இவர் இந்த மனுவைப் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லும் பாரம். காசு வாங்குகிறவர் பெயர் அதில் இருந்தே ஆக வேண்டும். பெயர் போடாமல் பின்னால் இருந்து மனு தயாரிக்கிறவரை இங்கே கோஸ்ட் கன்சல்டன்ட் என்பார்கள். உங்களுக்குப் பெயர் சொல்ல மறுத்தார்களே, அதுதான் இது. மனு விண்ணப்பதாரரே போட்டது மாதிரி போகும், நாளைக்குப் பொய் வெளியே வந்தால் கையெழுத்து உங்கள் தம்பியுடையது மட்டும்தான் இருக்கும். பொய்ச் சான்றிதழ் பிடிபட்டால் ஐந்து வருடத்துக்குக் கனடாப் பக்கம் மனுவே போட முடியாது. ஏஜென்ட் செய்தான், எனக்குத் தெரியாது என்று சொன்னால் எடுபடாது.

நான் எப்படிச் செய்தேன் என்று கேட்டால், ஒரு ஆர்சிஐசியிடம் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் காசு கட்டி வீடியோவில் பேசினேன். என் அனுபவச் சான்றிதழை வரி வரியாகப் படித்தார். சேர்ந்த தேதி அதில் ஜூன் என்று இருந்தது, என் பிஎஃப் பாஸ்புக்கில் முதல் மாதம் ஜூலை. “இதை ஆபீசர் பார்ப்பார், கம்பெனியிடம் கேட்டுத் தெளிவாக்கி வாங்கிக்கொண்டு வா” என்றார். முதல் மாதம் டிரெய்னி, பிஎஃப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஆறு வருடம் வேலை பார்த்த எனக்கே அது கண்ணில் படவில்லை. அதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும். மீதி மனுவை நானே போட்டேன்.

குடியாத்தம் அக்கா:

ரொம்ப நன்றி தம்பி. நேற்று ராத்திரி அவனிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம்தான் உண்மையைச் சொன்னான். 50 ஆயிரம் ஏற்கெனவே ஜிபேயில் கட்டிவிட்டானாம், பாஸ்போர்ட்டும் அவர்களிடம்தான் இருக்கிறதாம். வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன் பெயரில் ஒரு ஜிமெயிலும் அவர்களே தொடங்கியிருக்கிறார்கள், பாஸ்வேர்டு இவனுக்குத் தெரியாது. எனக்குக் கை கால் ஓடவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பேர்ணாம்பட்டு ரிட்டர்ன்:

தங்கச்சி, பயப்படாதே. மனு உள்ளே போவதற்கு முன்னால் தெரிந்துகொண்டாயே, அதுவே பெரிய விஷயம். எனக்குத் தெரிந்தபோது நான் துபாயில் இருந்தேன்.

நான் பத்தாவது பெயில். என் பாஸ்போர்ட் ஈசிஆர். இந்தப் பாஸ்போர்ட்டில் அமீரகம், சவூதி, கத்தார் மாதிரி 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்று இந்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும். தோல் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் ஒரு ஏஜென்ட்டைக் காட்டினார். அந்த ஆள் 1 லட்சத்து 10 ஆயிரம் வாங்கிக்கொண்டு என்னை விசிட் விசாவில் ஏற்றிவிட்டார். “மீனம்பாக்கத்தில் கேட்டால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல், அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிக்கொடுப்பார்கள்” என்றார். நான் அப்படியே சொன்னேன். 2016 அது. யாரும் எதையும் மாற்றிக்கொடுக்கவில்லை. சோனாப்பூரில் ஒரு அறையில் பன்னிரண்டு பேர். விசா முடிந்து ஓவர்ஸ்டே ஆகி, நாளுக்கு நாள் அபராதம் ஏறிக்கொண்டே போனது. பாஸ்போர்ட் வேலை கொடுத்தவர் கையில். ரோட்டில் போலீஸ் வண்டியைப் பார்த்தால் சந்துக்குள் நுழைவேன். அம்மா இறந்ததற்கு வர முடியவில்லை.

2018 ஆகஸ்டில் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். அல் அவீரில் பெரிய கூடாரம் போட்டு வரிசையில் நிற்க வைத்தார்கள். இந்தியத் துணைத் தூதரகத்தில் அவுட்பாஸ், அதாவது பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஊர் திரும்பக் கொடுக்கிற காகிதம், வாங்கிக்கொண்டு, அபராதம் இல்லாமல் ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

இரண்டாவது தடவை கத்தாருக்குப் போனபோது வேறு மாதிரி போனேன். இமைகிரேட் என்று மத்திய அரசின் இணையதளம் இருக்கிறது. அதில் பதிவு பெற்ற ஏஜென்ட்கள் பட்டியல் இருக்கும். லைசென்ஸ் இல்லாமல் ஆள் எடுக்கிறவர்கள் பட்டியலும் தனியாகப் போடுகிறார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் நம்மிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் தப்பு. ஒப்பந்தத்தில் என்ன சம்பளம், எத்தனை மணி நேரம் என்று முன்னாலேயே படித்தேன், தெரியாத இடத்தை என் மகளை விட்டுப் படிக்கச் சொன்னேன். பிரவாசி பாரதீய பீமா என்று இன்சூரன்ஸ், இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், உயிருக்கு ஏதாவது ஆனால் 10 லட்சம். முதல் தடவை எனக்கு இது எதுவுமே இல்லை. தமிழக அரசே நடத்துகிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது, 1978இலிருந்து இருக்கிறது. நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

உன் தம்பி விஷயத்தில் இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 1983 எமிகிரேஷன் சட்டம் கல்ஃபுக்கு மட்டும் இல்லை. எந்த நாட்டு வேலைக்கு ஆள் எடுத்தாலும் எடுக்கிறவருக்கு இந்திய லைசென்ஸ் வேண்டும். கனடாவில் வேலை வாங்கித் தருகிறேன் என்றால் இமைகிரேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். விசா மனு போடுகிறேன் என்றால் வாலாஜாத் தம்பி சொன்ன கனடா லைசென்ஸ் இருக்க வேண்டும். இவர்கள் இரண்டும் செய்கிறேன் என்கிறார்கள், இரண்டு இடத்திலும் தேடிப் பார். ஒன்றிலும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

காந்தி ரோடு ஜெராக்ஸ்:

அக்கா, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் மனு கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது விசா காகிதத்தோடு வருவார்கள். ஆஃபர் லெட்டர் என்று பிரின்ட் எடுக்கக் கொண்டுவருவதில் பலதைப் பார்த்தாலே தெரியும். போன வாரம் ஒருவர் கொண்டுவந்ததில் கம்பெனி லோகோ பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி நசுங்கியிருந்தது, பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருந்த வரி மட்டும் வேறு எழுத்துரு, கீழே தொடர்புக்கு ஒரு ஜிமெயில். கனடாவில் ஆயிரம் பேர் வேலை செய்கிற கம்பெனி ஜிமெயிலிலா கடிதம் அனுப்பும்? சொன்னேன். அவர் நம்பவில்லை, இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது இன்னும் மனசில் இருக்கிறது.

எங்கள் கடையில் இதற்கு எதிர்ப்பக்கமும் நடக்கும். வங்காளதேசத்திலிருந்து சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள், ஆபரேஷன் தள்ளிப்போனால் விசாவை நீட்டிக்க வேண்டும். அதற்கு இ-எஃப்ஆர்ஆர்ஓ என்கிற வெளிநாட்டவர் பதிவு இணையதளத்தில் ஆன்லைனிலேயே மனு போடலாம். ஆஸ்பத்திரிக் கடிதம், பாஸ்போர்ட், விசா நகல், போட்டோ, அப்புறம் லாட்ஜில் இவர்கள் தங்கியிருப்பதைப் பதிவு செய்கிற பாரம். லாட்ஜ்காரர்கள் வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்தில் அதைப் போட்டாக வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஒரு பெரியவர், மகனுக்கு இருதய ஆபரேஷனுக்காக வந்தவர், இதற்கே ஒரு புரோக்கரிடம் 15 ஆயிரம் கொடுத்துவிட்டு வந்தார். மனுவைத் திறந்து பார்த்தால் விசா முடியும் தேதியே தப்பாக இருந்தது. பெரியவருக்குத் தன் மனுவைப் பார்க்கவே வழி இல்லை, லாகின் புரோக்கரிடம். உங்கள் தம்பியின் ஜிமெயில் கதை அதேதான். எந்த ஊராக இருந்தாலும் நம் மனுவின் பாஸ்வேர்டு நம்மிடம் இருக்க வேண்டும்.

ஒன்று செய்யுங்கள் அக்கா. ரசீது கொடுத்திருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் விசா புராசசிங் என்று போட்டுவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் இது ஆலோசனைக் கட்டணம், எக்காரணம் கொண்டும் திருப்பித் தர இயலாது என்று அச்சடித்திருப்பார்கள்.

மெல்பர்ன் சிஸ்டர், காட்பாடி:

நான் நர்ஸ். வேலூரில் படித்து, அங்கேயே எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஆஸ்திரேலியா வந்தவள். நல்ல ஆலோசகர் எப்படி இருப்பார் என்று நீங்கள் கேட்டீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

என் கணவருக்கு முன்னால் ஒரு தடவை அமெரிக்க விசா மறுத்திருந்தார்கள். ஆஸ்திரேலியா மனுவில் இதுவரை எந்த நாடாவது விசா மறுத்திருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். ஊரில் முதலில் போன கன்சல்டன்சியில் இல்லை என்று டிக் பண்ணிவிடுங்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே இருக்கிற தோழி ஒருத்தி, பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட் ஒருவரைச் சொன்னார். இந்த நாட்டில் அவர்களுக்கு எம்ஏஆர்என் என்று ஏழு இலக்க எண் இருக்கும், அரசின் பதிவேட்டில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். தேடினேன், இருந்தது. வேலை தொடங்கும் முன்னாலேயே நுகர்வோர் வழிகாட்டி என்று ஒன்றை அனுப்பினார். அதில் ஏஜென்ட் என்னென்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் எங்கே புகார் கொடுக்கலாம் என்று இருந்தது. தன்மேல் எப்படிப் புகார் கொடுப்பது என்று தானே காட்டுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அமெரிக்க மறுப்பைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது அந்த மறுப்புக் கடிதத்தைத்தான். “ஆமாம் என்று எழுதுங்கள், கடிதத்தை இணையுங்கள், காரணத்தை நாலு வரியில் உண்மையாகச் சொல்லுங்கள். மறுத்ததால் விசா போகாது, மறைத்தால் போகும்” என்றார். பொய்த் தகவல் கொடுத்தால் மூன்று வருடத்துக்கு விசா கிடைக்காதபடி 4020 என்று ஒரு விதி இருக்கிறது. மனைவி மனுவில் கணவர் சொன்ன பொய்யும் என் தலையில்தான் விழுந்திருக்கும். விசா வந்தது.

அப்புறம் இரண்டு வருடம் கழித்து அம்மாவை இங்கே கூப்பிட விசிட் விசா போடலாம் என்று அவரிடமே போனேன். “இதற்கு நான் தேவை இல்லை, நீங்களே போடுங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார், காசு வாங்கவில்லை. எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அவரே சொல்கிறார் பாருங்கள். முன்னால் மறுப்பு இருந்தால், ஓவர்ஸ்டே இருந்தால், போலீஸ் கேஸ் இருந்தால், குடும்பத்தில் பிரிவு இருந்தால் கட்டாயம் விஷயம் தெரிந்த ஆலோசகரிடம் போக வேண்டும். நேராக இருக்கிற மனுவுக்கு வேண்டியதில்லை.

நியூசிலாந்துக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சட்டம் நாட்டுக்கு வெளியே இருக்கிற ஆலோசகர்களுக்கும் பொருந்தும், வேலூரில் உட்கார்ந்து சொன்னாலும் லைசென்ஸ் வேண்டும், வெளிநாட்டிலிருந்து மாணவர் விசாவுக்கு மட்டும் சொல்கிறவர்களுக்கு விலக்கு உண்டு. பிரிட்டனில் ஆலோசகர்களைக் கண்காணிக்கிற அமைப்பு 2025 ஜனவரியில் பெயர் மாறி இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி ஆகியிருக்கிறது, ஆனால் அதன் கை அந்த நாட்டுக்குள் மட்டும்தான். பெயரில் லண்டன் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கோர்ட் குமாஸ்தா, சத்துவாச்சாரி:

பாஸ்போர்ட்டை முதலில் வாங்குங்கள் அம்மா, பணம் அப்புறம். பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து, 1967 பாஸ்போர்ட் சட்டம் 17ஆம் பிரிவு. அதை ஒரு தனியார் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கொடு, தருகிறேன் என்று சொல்ல முடியாது. வெள்ளைத்தாளில் ஒரு கடிதம் எழுதுங்கள். என் பாஸ்போர்ட், கையெழுத்திட்ட பாரங்கள், என் பெயரில் தொடங்கிய மின்னஞ்சலின் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள், என் பெயரில் எந்த மனுவும் போடக் கூடாது, கட்டிய பணத்தைத் தாருங்கள். இவ்வளவுதான், திட்ட வேண்டாம். இரண்டு பிரதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் கேளுங்கள். தர மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு வசதியோடு அனுப்புங்கள். பெரியவர் யாரையாவது கூட அழைத்துப் போங்கள், சத்தம் போட வேண்டாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் எஸ்பி அலுவலகத்தில் புதன்கிழமை மனு வாங்குகிறார்கள். ஏமாற்றுக்கான பழைய 420தான் இப்போது பிஎன்எஸ் என்கிற புதிய குற்றச் சட்டத்தில் 318. லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது எமிகிரேஷன் சட்டப்படி தனிக் குற்றம், அதையும் மனுவில் எழுதுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்வு நாளிலும் கொடுக்கலாம். பணத்துக்கு வேலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். திருப்பித் தர இயலாது என்று அவர்களே அச்சடித்துக்கொண்டதைக் கண்டு பின்வாங்காதீர்கள், அதை ஆணையம் பார்த்துக்கொள்ளும். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் செய்தி, வாய்ஸ் நோட் எதையும் அழிக்க வேண்டாம்.

குடியாத்தம் அக்கா:

எல்லோருக்கும், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு இடத்திலும் தேடினோம். இமைகிரேட்டில் இல்லை. பாஸ்போர்ட் கேட்கப் போன அன்று பேச்சுவாக்கில் கனடா வக்கீல் பெயர் ஒன்று சொன்னார்கள், அந்தப் பெயரில் அவர்கள் சொன்ன மாகாணத்தின் வக்கீல் பதிவேட்டில் யாரும் இல்லை.

பெரியப்பாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். கடிதத்தைப் பார்த்ததும் முதலில் மேனேஜர் ஊரில் இல்லை என்றார்கள். பெரியப்பா ரிட்டயர்டு வாத்தியார். சரி, வரும்வரை உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம். எங்களுக்கு அப்புறம் வந்த இரண்டு பையன்கள் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். அதற்கப்புறம்தான் உள்ளே கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, நாலு பாரமும் கிடைத்தது, அங்கேயே கிழித்தோம். ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றி வாங்கிக்கொண்டோம். அதில் பார்த்தால் இவன் பெயரில் ஒரு அனுபவச் சான்றிதழ் ஏற்கெனவே தயாராக இருந்தது, ஓசூரில் ஒரு கம்பெனி, நாலு வருடம் சூப்பர்வைசர். தம்பி ஓசூரை பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி. மனு எதுவும் போகவில்லை, அதுவரைக்கும் கடவுள் காப்பாற்றினார். பணத்தில் 25 ஆயிரம் திருப்பினார்கள். மீதி புராசசிங்கில் போய்விட்டதாம்.

போன சனிக்கிழமை பதிவேட்டில் பார்த்து, நேரடியாக எழுதி உறுதி செய்துகொண்டு, ஒரு ஆர்சிஐசி அம்மாவிடம் தம்பி வீடியோவில் பேசினான், நானும் பக்கத்தில் இருந்தேன். முக்கால் மணி நேரம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். டிப்ளமோவில் எத்தனை வருடம், மெஷின் பெயர் என்ன, கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், சம்பளம் வங்கியில் வருகிறதா, இங்கிலீஷ் தேர்வு எழுதினாயா. கடைசியில் நேராகச் சொல்லிவிட்டார், இன்றைக்கு உனக்குப் போட மனு எதுவும் இல்லை, என்னிடம் இப்போது காசு கட்டாதே. ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் என்கிற இங்கிலீஷ் தேர்வு எழுதி வா, டிப்ளமோவை மதிப்பீடு செய்து வாங்கு, இப்போதைய கம்பெனியில் உண்மையாக என்ன வேலை பார்க்கிறாயோ அதை விவரமாக எழுதி லெட்டர் வாங்கு, மூன்றும் கையில் வந்த பிறகு பேசலாம் என்றார். தம்பி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கம்பெனி எச்ஆரிடம் லெட்டர் கேட்டிருக்கிறான்.

மீதி 25 ஆயிரத்துக்கு நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜெராக்ஸ் தம்பி சொன்ன மாதிரியே ரசீதின் பின்னால் பொடி எழுத்து இருக்கிறது. குமாஸ்தா ஐயா, அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்து இணைக்க வேண்டுமா, முன்பக்கம் மட்டும் போதுமா?

கோர்ட் குமாஸ்தா, சத்துவாச்சாரி:

இரண்டு பக்கமும் எடுங்கள். பொடி எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி பின்பக்கத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி இன்னொரு நகலும் வையுங்கள். அந்த ஓசூர் சான்றிதழையும் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள், வந்த மின்னஞ்சல் முகவரியும் தேதியும் மேலே தெரிய வேண்டும்.

காந்தி ரோடு ஜெராக்ஸ்:

அக்கா, வேலூர் வரும்போது கடைக்கு வாங்க, எல்லாவற்றையும் நான் எடுத்துத் தருகிறேன். அந்தச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். லோகோ எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்தால் அடுத்த ஆள் பிரின்ட் எடுக்க வரும்போது காட்டலாம்.